நாள்தோறும் நடந்தவருக்கு மாரடைப்பு வந்தது ஏன்?

கூழாங்கல்:

என் அண்ணனுக்குச் சென்ற மாதம் மாரடைப்பு வந்தது. வயது 52. உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் பிழைத்துக்கொண்டார். அடைபட்ட குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள், இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். அவருடைய உடல்நிலையை அறிவிப்பதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. இது எப்படி அவருக்கு வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உடலைப் பேணுவதற்கு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது அவரைத்தான். பதினைந்து ஆண்டுகளாகக் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார். மெலிந்த உடல். மது இல்லை. எண்ணெயில் பொரித்ததைத் தொடமாட்டார். நான் அவரைவிட 8 வயது இளையவன், அவரைவிட 14 கிலோ கூடுதலாக இருப்பவன், நடக்கச் சோம்பல்படுபவன். இத்தனை ஆண்டுகளாக எனக்கு அறிவுரை சொல்லிவந்தவர் கட்டிலில் படுத்திருக்க, அறிவுரையைக் கேட்காதவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நல்ல பழக்கங்கள் இதய நோயைத் தடுக்கும் என்றால், அவரை ஏன் தடுக்கவில்லை? தடுக்காது என்றால், நான் எதற்காக விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்? கேலியாகக் கேட்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்கணிதன்:

அண்ணன் நலமடைந்தது அறிந்து மகிழ்ச்சி. நான் மருத்துவன் அல்லன்; புள்ளியியல் கற்பிப்பவன். ஆகவே உங்கள் கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பற்றி மட்டும் முதலில் எழுதுகிறேன். 'தடுக்கும்' என்ற சொல்லை நாம் கதவைத் தாழிடுவது போன்ற பொருளில் புரிந்துகொள்கிறோம். நோய்களைப் பற்றிய ஆய்வுகள் அச்சொல்லை அந்தப் பொருளில் ஆளுவதில்லை. ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால், நடப்பவர்களிடையே மாரடைப்பு வருவோரின் எண்ணிக்கை நடக்காதவர்களிடையே உள்ளதைவிடக் குறைவாக இருக்கிறது. அவ்வளவே அச்சொல்லுக்கு அங்கே பொருள். குறைவு என்பது இல்லை என்பது ஆகாது. நடப்பவர்களிலும் சிலருக்கு வரும், அந்தச் சிலரில் ஒருவர் நம் வீட்டில் இருந்தால் கணக்கு முழுவதும் பொய்யாகத் தோன்றும்.

இதய நோய்க்கு 'காரணம்' ஒன்று இருக்கிறது என்று தேடாமல், 'ஆபத்துக் காரணிகள்' பல இருக்கின்றன என்று எண்ணும் வழக்கத்தைப் பரப்பியதே அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948-இல் தொடங்கிய ஆய்வுதான். 5,209 பேரைச் சேர்த்து, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் முதலியவற்றை அளந்து வைத்துக்கொண்டு, பின்னர் யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். பிற்காலத்தில், 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்னும் ஆய்வு 52 நாடுகளில் முதன்முறை மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, மாற்றக்கூடிய அல்லது அளக்கக்கூடிய ஒன்பது காரணிகளே ஏறத்தாழ 90 சதவீத ஆபத்துக்குக் கணக்குச் சொல்லிவிடுகின்றன என்று கண்டது. அவற்றில் உடல் உழைப்பு ஒன்று மட்டுமே. நீங்கள் அண்ணனைப் பற்றிச் சொன்னவற்றில் நடை, உடல்வாகு, உணவு, மது ஆகிய நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. மற்றவை? இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பின் அளவு, புகை, மன அழுத்தம் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

பழைய செவிலி:

மேலே நண்பர் கேட்டதையே நானும் கேட்க வந்தேன். இதயப் பிரிவில் 26 ஆண்டுகள் பணிசெய்து ஓய்வு பெற்றவள் நான். 'ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது சிஸ்டர், எப்படி வந்தது என்றே தெரியவில்லை' என்று உறவினர்கள் சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல இயலாது. சில வேளைகளில் அது உண்மையாகவே இருந்தது. பெரும்பாலான வேளைகளில், உறவினர்கள் வெளியே போன பிறகு, நோயாளியே தாழ்ந்த குரலில் வேறு ஒன்றைச் சொல்வார்.

தம்பி, ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மாரடைப்பு ஒரு நாளில் நிகழ்கிறது, ஆனால் அதற்குரிய நோய் ஒரு நாளில் வருவதில்லை. இரத்தத்தில் உள்ள எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து தங்குகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. நாளடைவில் அது ஒரு மெல்லிய மூடியுடன் கூடிய படிவாக வளர்கிறது. அந்த மூடி ஒரு நாள் கிழிந்தால், காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைவது போலவே குழாய்க்குள்ளும் உறைந்து அடைத்துவிடுகிறது. கிழிவது பெரும்பாலும் குழாயை முக்கால் பங்கு அடைத்த பெரிய படிவுதான் என்று எண்ணிவிடாதீர்கள்; பாதிகூட அடைக்காத படிவும் கிழியும். அதனால்தான் முந்தின நாள் மாடி ஏறி இறங்கியவர் மறுநாள் விழுகிறார்.

இது எவ்வளவு இளம் வயதில் தொடங்குகிறது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்கினருக்கும் சற்று மேற்பட்டோரின் இதயத் தமனிகளில் படிவுகளின் தொடக்கமோ வளர்ச்சியோ காணப்பட்டது. படைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் அவர்கள். ஓடவும் சுமக்கவும் பழகியவர்கள்.

அண்ணனிடம் அமைதியாகக் கேளுங்கள். புகை உண்டா, எப்போதாவது ஒன்று என்றாலும் சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார், மருத்துவமனையில் எடுத்த எல்.டி.எல். எவ்வளவு, பெற்றோரில் யாருக்கேனும் இளவயதில் இதய நோய் இருந்ததா என்பவற்றையும் கேளுங்கள்.

மலையேறி:

இந்த அளவீடுகளின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். என் பெரியப்பா தம் வாழ்நாள் முழுவதும் புகைபிடித்தார். 91 வயது வரை வாழ்ந்தார். ஒரு முறைகூட இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. என்னுடன் மலையேற வந்த ஒருவர், எல்லா அளவும் சரியாக இருந்தவர், 45 வயதில் போய்விட்டார். எல்லாம் பிறவியிலேயே எழுதப்பட்டது. மரபணு என்று நாகரிகமாகச் சொல்லலாம். பரிசோதனைகளால் பயன் பெறுபவர்கள் பரிசோதனைக்கூடங்கள் நடத்துபவர்களே.

எண்கணிதன்:

மலையேறி அவர்களே, உங்கள் பெரியப்பாவைப் போன்றவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள், ஏனெனில் உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே திண்ணையில் உட்கார்ந்து தம் கதையைச் சொல்ல முடியும். அவரோடு சேர்ந்து புகைக்கத் தொடங்கி 55 வயதில் மறைந்தவர்களை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை.

புகையைப் பற்றிக் கதைகளை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும் 1951-இல் 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களிடம் அவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதிவாங்கி, தொடர்ந்து அரை நூற்றாண்டு அவர்களின் இறப்புகளைப் பதிவுசெய்தார்கள். 2004-இல் வந்த அதன் முடிவுரையில், புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தது தெரிந்தது; 60 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50-இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40-இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். டால் அவர்களே முன்பு புகைபிடித்தவர். தம் முதல் ஆய்வின் எண்களைப் பார்த்த பிறகு விட்டுவிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மரபணு பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால் எழுதப்பட்டது என்பதும் மாற்ற முடியாதது என்பதும் ஒன்றல்ல. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 55,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணு ஆபத்தைக் கணக்கிட்டு, அவர்களின் வாழ்க்கைமுறையோடு ஒப்பிட்டார்கள். புகையின்மை, பருமனின்மை, வாரத்தில் ஒரு முறையேனும் உடற்பயிற்சி, நல்ல உணவுமுறை என்ற நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, மரபணு ஆபத்து மிகுந்த பிரிவில் இருந்தபோதிலும், அதே பிரிவில் அவற்றைக் கைவிட்டவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ 46 சதவீதம் குறைந்திருந்தது. சீட்டுக்கட்டில் நமக்கு வந்த சீட்டுகளை மாற்ற முடியாது. எதை இறக்குவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

கூழாங்கல்:

இரண்டு நாள்களாக இந்த இழையைப் படித்துவிட்டு, இன்று மாலை அண்ணனிடம் நேராகக் கேட்டேன். அவர் சிரித்தார், பிறகு அண்ணி சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்தார்.

அலுவலகம் முடிந்து வரும் வழியில் இரண்டு சிகரெட், சில நாள்களில் மூன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக. 'இரண்டுதானே, அதையும் நடையில் கழித்துவிடுகிறேன்' என்றே அவர் தமக்குத்தாமே சொல்லிவந்திருக்கிறார். இரத்த அழுத்தத்தைக் கடைசியாக ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பார்த்தாராம். அப்போது 'கொஞ்சம் கூடுதல், மீண்டும் வாருங்கள்' என்று சொன்னதால் அவர் மீண்டும் போகவே இல்லை. மருத்துவமனையில் எடுத்த எல்.டி.எல். 168, அதுவும் கூடுதல்தான். கடந்த சில மாதங்களாக ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகியிருக்கிறது. அதை வாயுப் பிடிப்பு என்று எண்ணி ஒரு பொடியை வெந்நீரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு, அது எனக்குத் தெரிந்தே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் அப்பா 54 வயதில் தூக்கத்திலேயே இறந்தார். 'நல்ல சாவு' என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

பழைய செவிலி:

ஏற்றத்தில் இறுகி, நின்றால் விலகும் நெஞ்சு வலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைப் படிக்கும் வேறு யாருக்கேனும் அது இப்போதே இருக்கலாம். உழைக்கும்போது வந்து, ஓய்வில் போகும் இறுக்கம், அது நெஞ்சில் இருந்தாலும் தாடையில் இருந்தாலும் இடக்கையில் இருந்தாலும், வாயு என்று முடிவுசெய்யும் பொறுப்பு மருத்துவருடையது, நம்முடையது அன்று. ஓய்விலும் நீங்காத வலி என்றால் அந்த நிமிடமே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

இரண்டு சிகரெட் பற்றி. நாள் ஒன்றுக்கு இருபது புகைப்பவருக்குள்ள ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் ஒன்று புகைப்பவருக்கு இருக்கும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். புற்றுநோயில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். இதயத்தில் பொருந்தாது. 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும், இருபது புகைப்பவரிடம் கூடுதலாக உள்ள இதய ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருப்பது தெரிந்தது. புகையில் உள்ள நுண்பொருள்கள் இரத்தத் தட்டணுக்களை ஒட்டும் தன்மையுடையனவாக்கி, குழாயின் உட்சுவர் விரியும் திறனையும் கெடுக்கின்றன. இவ்விளைவு சிறிய அளவிலேயே உச்சத்தை நெருங்கிவிடுகிறது. ஆகவே 'குறைத்துவிட்டேன்' என்பது இதயத்தைப் பொறுத்தவரை பெரிய செய்தி அன்று. 'விட்டுவிட்டேன்' என்பதே செய்தி. மறுபுறம், விட்ட ஓர் ஆண்டுக்குள் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. வேறு எந்தப் பழக்கத்தை மாற்றினாலும் இவ்வளவு விரைவாக இவ்வளவு பலன் கிடைப்பதை நான் பார்த்ததில்லை.

அப்பா 54-இல் தூக்கத்தில் இறந்ததும், அண்ணனுக்கு 52-இல் மாரடைப்பு வந்ததும் உங்களுக்கு முக்கியம், தம்பி. தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65-க்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் அதைக் குடும்ப வழி ஆபத்து என்றே மருத்துவர்கள் குறித்துக்கொள்வார்கள். அப்பாவின் இறப்புக்குக் காரணம் இதயம்தான் என்று இப்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது. அண்ணன் ஒருவரே போதுமான காரணம். வரும் வாரமே நீங்கள் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். வசதி இருந்தால், எல்.டி.எல். போன்ற மற்றொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ அளவையும் வாழ்நாளில் ஒரு முறை பார்த்துவிடலாம். அது பெரும்பாலும் பிறவியிலேயே முடிவாவது, உணவாலும் நடையாலும் அதிகம் மாறாதது. அண்ணனின் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

நிழற்குடை:

நான் இரவுப் பணி செய்பவன். அண்ணனின் அலுவலக வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வி. காலையில் ஒரு மணி நேரம் நடந்தபின் நாளின் மற்ற நேரம் அவர் எப்படி இருந்தார்?

கூழாங்கல்:

நாற்காலியில். பயண நேரத்தையும் சேர்த்தால் 11 மணி நேரத்துக்குக் குறையாது.

நிழற்குடை:

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பணிமனையில் உடல்நலம் பற்றிப் பேச வந்த ஒருவர் சொன்ன ஆய்வு ஒன்று என் நினைவில் நிலைத்துவிட்டது. பிறகு நானே தேடிப் படித்தேன். ஜெர்ரி மோரிஸ் என்பவர் லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் வெளியிட்டது. இரு சாராரும் ஒரே வண்டியில், ஒரே தெருக்களில், ஒத்த ஊதியத்தில் பணியாற்றியவர்கள். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக ஒரு நாளில் ஏறத்தாழ 600 படிகள் ஏறி இறங்கினார். இதய நோயால் இறந்தவர்கள் ஓட்டுநர்களில்தான் கூடுதல்.

இதைவிட எனக்குப் பிடித்தது, அடுத்து அவர் செய்தது. தம் முடிவைத் தாமே ஐயுற்று, பேருந்து நிறுவனம் அவர்களுக்குத் தைத்துக்கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். பணியில் சேரும்போதே ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. அதாவது, வேறுபாட்டில் ஒரு பகுதி பணிக்கு முன்பே வந்தது. அதை மறைக்காமல் 1956-இல் எழுதினார். அதன் பிறகும், பிற தொழில்களை ஆராய்ந்தபோதும், அசைவின் பலன் நிலைத்தே நின்றது.

உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. அண்ணன் வாரத்துக்கு 420 நிமிடங்கள் நடந்திருக்கிறார், அது வீணாகவில்லை. ஆனால் நடை இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும், சர்க்கரையைச் சீராக்கும். நுரையீரலுக்குள் போன புகையை அது வெளியே எடுக்காது. காலை நடையை ஒரு கணக்குப் புத்தகமாக்கி, மாலையில் அதிலிருந்து பணம் எடுத்துக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. குற்றம் சொல்லவில்லை. நானும் பகலில் நான்கு மணி நேரமே தூங்கிவிட்டு, கிழமை விடுமுறையில் பன்னிரண்டு மணி நேரம் தூங்கி அதைச் சரிக்கட்டியதாக எண்ணியிருந்தவன்தான். அமெரிக்க இதயச் சங்கம் இதய நலத்துக்கான அளவுகோல்களில் தூக்கத்தை 2022-இல்தான் சேர்த்தது. ஏழு முதல் ஒன்பது மணி நேரம் என்கிறார்கள். இரவுப் பணியில் இருப்பவன் அதைப் படித்துவிட்டு என்ன செய்வான் என்பது வேறு கதை. நான் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்து ஆறு மணி நேரம்வரை வந்திருக்கிறேன்.

மலையேறி:

என் பெரியப்பாவைப் பற்றி எண்கணிதன் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பேச்சும் கடைசியில் மாத்திரையில் போய் முடிகிறது, கவனித்தீர்களா? அண்ணனுக்கு இப்போது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் எடுக்கக் கொடுத்திருப்பார்கள். எல்.டி.எல். 168 என்பதை உணவாலேயே குறைக்க முடியாதா? மாத்திரை விழுங்குவது ஒழுக்கமின்மைக்கு நாம் கட்டும் தண்டத்தொகை என்றே நான் கருதுகிறேன். என் நண்பர் ஒருவர், இதய நோய் எதுவும் இல்லாதவர், முன்னெச்சரிக்கையாக நாள்தோறும் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறார். இது எங்கே போய் நிற்கும்?

பழைய செவிலி:

உங்கள் நண்பரின் ஆஸ்பிரினைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது மிகவும் சரி. நோய் வந்தவர்களுக்கு அது காப்பு. நோய் வராதவர்களைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளில், அது தந்த சிறிதளவு நன்மையை வயிற்றிலும் பிற இடங்களிலும் ஏற்பட்ட இரத்தப்போக்கு ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது. மருத்துவர் சொல்லாமல் அவராகவே தொடங்கியிருந்தால், மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யச் சொல்லுங்கள்.

ஸ்டேட்டின் அப்படியன்று. மாரடைப்போ நெஞ்சு வலியோ வந்த 4,444 பேரிடம் நடத்தி 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் என்னும் ஸ்டேட்டினை எடுத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்தது. அண்ணனுக்கு அது தேவை. அதில் எனக்கு ஐயமே இல்லை. நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெய், கொட்டைகள், பருப்பு வகைகள், நார்ச்சத்து மிகுந்த காய்கறிகள் என்று மாறினால் எல்.டி.எல். குறையும், பெரும்பாலோரிடம் அது பத்து சதவீத அளவில் நிற்கும். மருந்து 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கிறது. ஏனெனில் இரத்தத்தில் உள்ள எல்.டி.எல்.-ஐப் பிடித்து அகற்றுவது கல்லீரல் அணுக்களின் மேலுள்ள ஏற்பிகள்; மருந்து அந்த ஏற்பிகளைப் பெருக்குகிறது. அவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிலர் அந்த ஏற்பிகள் குறைவாகவே பிறக்கிறார்கள். எவ்வளவு ஒழுக்கமாக உண்டாலும் அவர்களுக்கு எல்.டி.எல். உயர்ந்தே இருக்கும். அவர்களிடம் போய் இது உன் ஒழுக்கமின்மைக்குத் தண்டம் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

ஆனால் மாத்திரை வந்ததும் சிகரெட்டைத் தொடரலாம் என்று எண்ணுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நடையால் புகையைக் கழித்த கணக்கும், மாத்திரையால் புகையைக் கழிக்கும் கணக்கும் ஒன்றே.

மலையேறி:

தண்டத்தொகை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நண்பரிடமும் சொல்கிறேன்.

எண்கணிதன்:

கூழாங்கல், நீங்கள் பரிசோதனைக்குப் போகும்முன் இரத்த அழுத்தம் அளப்பதைப் பற்றி ஒன்று. தவறாக அளந்த எண்ணால் அளக்காமல் இருப்பதைவிடக் குழப்பமே மிகும். படியேறி மூச்சுவாங்க வந்தவரை உடனே உட்கார வைத்து, பேச்சுக்கொடுத்துக்கொண்டே, சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றினால் கிடைப்பது அவருடைய அழுத்தம் அன்று. ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால்களை ஒன்றன்மேல் ஒன்று போடாமல் தரையில் ஊன்ற வேண்டும். கை மேசையின் மேல் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டை வெறும் கையில், கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முந்தைய அரைமணி நேரத்தில் காப்பியோ புகையோ கூடாது; சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கக் கூடாது. சிறிய பட்டையைப் பெரிய கையில் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். இரண்டு முறை அளந்து, ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் குறித்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் அது உயர்வு. மருத்துவமனையில் எடுப்பதற்குரிய எல்லை 140/90 என்றே பல வழிகாட்டல்கள் வைத்திருக்கின்றன.

உப்பைப் பற்றி ஒரு வரி. நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலகச் சுகாதார அமைப்பின் அளவு. அது தட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சமையலில் போடுவதைக் கணக்கிடும் நாம், உறைகளில் அடைத்து விற்பவற்றில் ஏற்கெனவே உள்ளதைக் கணக்கிடுவதில்லை.

பழைய செவிலி:

அதோடு, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பற்றியும் சொல்லலாம். சீனாவில் 600 சிற்றூர்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், வழக்கமான உப்புக்குப் பதிலாக நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தை உயர்த்தும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மாரடைப்புக்குப் பின் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு அந்தத் தன்மை உண்டு. ஆகவே அண்ணன் வீட்டில் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

பின்னிரவு வாசகன்:

நீண்ட நாளாகப் படிக்க மட்டுமே செய்தவன் நான். இந்த இழையில் எல்லோரும் தனி ஒருவரின் மனவுறுதியைப் பற்றியே பேசுகிறீர்கள் என்பதால் இதை எழுதத் தோன்றியது. 1972-இல் ஃபின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் ஆண்கள் இதய நோயால் இறக்கும் வீதம் உலகிலேயே மிக உயர்ந்த வரிசையில் இருந்தது. பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் மருத்துவமனைகளில் அமர்ந்து நோயாளிகளுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை. பெண்கள் சங்கங்களுடன் சேர்ந்து காய்கறி மிகுந்த உணவைச் சமைத்துக் காட்டினார்கள். உணவுத் தயாரிப்பாளர்களிடம் உப்பையும் கொழுப்பையும் குறைக்கப் பேசினார்கள். பால் பண்ணையையே நம்பியிருந்த உழவர்களுக்குப் பழவகைச் சாகுபடிக்கு வழிகாட்டினார்கள். ஊர்களுக்கிடையே புகையை விடும் போட்டிகள் நடந்தன. நாற்பது ஆண்டுகளில், 35 முதல் 64 வயதுள்ள ஆண்களிடையே இதயத் தமனி நோயால் ஏற்படும் இறப்பு ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்தது. பிற்காலத்தில் வந்த மருந்துகளும் அறுவை முறைகளும் அதில் ஒரு பங்கு ஆற்றின. பெரும்பங்கு கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், புகை ஆகிய மூன்றும் மக்கள் முழுவதிலும் இறங்கியதால் வந்தது.

அண்ணன் தனியாக, விடியற்காலையில், யாரும் உடனில்லாமல் பதினைந்து ஆண்டுகள் நடந்திருக்கிறார். மாலையிலும் தனியாகவே புகைத்திருக்கிறார். இரண்டையும் குடும்பத்தில் ஒருவரும் அவருடன் பகிர்ந்துகொள்ளவில்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது.

கூழாங்கல்:

கடைசியாக எழுதியவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் மூன்று வாரம் கடந்துவிட்டது. இதற்கிடையில் செய்தவற்றை எழுதுகிறேன்.

என் எல்.டி.எல். 151. சர்க்கரை சரியாக இருக்கிறது. இரத்த அழுத்தம், எண்கணிதன் சொன்ன முறையில் ஒரு வாரம் குறித்ததன் சராசரி 138/88. முதல் நாள், கால்மேல் கால் போட்டு, மனைவியுடன் பேசிக்கொண்டே எடுத்தபோது மேல் எண் 151 காட்டியது. அதை அப்படியே நம்பியிருந்தால் அன்றிரவு தூங்கியிருக்கமாட்டேன். மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்டுவிட்டு, மூன்று மாதம் எடையும் உப்பும் குறைத்துப் பார்ப்போம், அதன் பிறகு மாத்திரையைப் பற்றி முடிவுசெய்வோம் என்றார். லிப்போபுரோட்டீன்-ஏ முடிவு இன்னும் வரவில்லை.

அண்ணனின் மகனுக்கு 23 வயது. முதலில் மறுத்தான், 'எனக்கு என்ன வயதாகிவிட்டது' என்றான். கொரியப் போர் வீரர்களைப் பற்றிப் பழைய செவிலி எழுதியதைக் கைப்பேசியில் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவனே போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அவனுக்கு எல்.டி.எல். 174. என்னைவிடவும் அவன் அப்பாவைவிடவும் கூடுதல். மெலிந்த பையன், வாரம் மூன்று நாள் பந்து விளையாடுபவன். அடுத்த வாரம் இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.

அண்ணன் புகையை விட்டு 52 நாளாகிறது. இப்போது மாலையில் அவர் நடக்கிறார், நான் உடன் போகிறேன். அவருடைய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதையும், வழக்கமாகப் புகைக்கும் அந்த முனை வந்ததும் அவர் இன்னும் வேகமாக நடக்கிறார் என்பதையும் இங்கே பதிவுசெய்துகொள்கிறேன்.

பழைய செவிலி:

பையனுக்கு அந்த எண் வந்ததை மருத்துவரிடம் சொல்லும்போது, தாத்தாவின் வயதையும் அப்பாவின் வயதையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்பாவின் அறிக்கையின் நகலையும் கையோடு கொண்டு போங்கள். இந்த மூன்றையும் ஒருசேரப் பார்த்தால்தான், இது பிறவியிலேயே வரும் கொழுப்பு மிகையா என்பதை அவர் ஆராய்வார். அவனுக்கு உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?

கூழாங்கல்:

ஒரு தங்கை. பதினெட்டு வயது. நாளை காலை வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறேன்.